ஹானர்ஸ் செமினாரில் நகரமும் தொழில்நுட்பமும்: எதை முதலில் வைப்பது?

கேள்வி: குயின்ஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் நகரக் கல்லூரி ஒன்றின் ஹானர்ஸ் பிரிவில் (தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான சிறப்புப் பிரிவு), முதலாண்டு மாணவர்களுக்கு வருகின்ற வசந்தப் பருவத்தில் ஒரு செமினார் நடத்த இருக்கிறேன். இந்நகருக்கு மக்கள் வந்து குடியேறிய வரலாறுதான் பாடப்பொருள். இருபது பேர் கொண்ட வகுப்பு. வாரத்துக்கு ஒருமுறை, இரண்டரை மணி நேரம். மாணவர்களை நகரத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதும், பருவ முடிவில் அனைவரும் சேர்ந்து ஓர் இணையதளத்தை உருவாக்க வேண்டும் என்பதும் பாடத்திட்டத்திலேயே நிபந்தனைகளாக இடம்பெற்றுள்ளன. இதுவரை இலக்கியம் மட்டுமே கற்பித்து வந்த எனக்கு இரண்டுமே புதியவை.

முந்தைய ஆண்டுகளின் மாணவர்கள் உருவாக்கிய தளங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். ஜாக்சன் ஹைட்ஸ் குறித்து ஒன்று, வாஷிங்டன் ஹைட்ஸ் குறித்து ஒன்று, ஃப்ளஷிங் குறித்து ஒன்று என்று நகரின் பகுதிகளைப் பற்றிப் பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வரலாறு, மக்கள்தொகை, உணவகங்கள், ஒரு பேட்டி என்று ஒரே வரிசைதான். படங்கள் அழகாக இருக்கின்றன, வரைபடத்தில் புள்ளிகள் மின்னுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதியை அந்தப் பகுதிக்குப் போகாமலேயே எழுதிவிட முடியும் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க இயலவில்லை. நகரம் ஒருபுறமும் கருவிகள் மறுபுறமும் நிற்க, இடையில் செமினாருக்கு உயிரான விவாதத்தைக் காணவில்லை.

நடைப்பயணம் வெறும் சுற்றுலாவாகவும், தளம் வெறும் அலங்காரமாகவும் போய்விடாமல் இரண்டையும் எப்படி இணைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். எங்கள் மாணவர்களில் பலர் வீட்டிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள், மாலையில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழையவரைபடம்

வணக்கம், குயின்ஸ்வாசி. நீங்கள் கவலைப்படும் விஷயம் இந்த வகைக் கற்பித்தலில் தொடக்கத்திலிருந்தே உள்ளதுதான். அமெரிக்காவில் ஹானர்ஸ் கல்விக்கென இயங்கும் நேஷனல் காலேஜியேட் ஹானர்ஸ் கவுன்சிலில், 1970களில் மாணவர்களை ஒரு முழுப் பருவத்துக்கு வேறோர் ஊரில் தங்கவைத்துப் படிக்கச் செய்யும் திட்டங்கள் தொடங்கின. அவற்றிலிருந்துதான், புரூக்ளினில் உள்ள லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பெர்னிஸ் பிரெய்டின் முன்முயற்சியில், ‘சிட்டி ஆஸ் டெக்ஸ்ட்’ என்று இன்று வழங்கும் முறை உருவானது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வழிகாட்டி யாரும் இன்றி நகரின் ஒரு பகுதிக்குள் அனுப்புவார்கள். அங்கே அவர்கள் இடத்தின் வரைபடத்தைத் தாங்களே வரைய வேண்டும், உற்று நோக்க வேண்டும், அங்குள்ளவர்களோடு பேசிக் கேட்க வேண்டும், திரும்பி வந்து கண்டதைச் சிந்தித்து எழுத வேண்டும். இலக்கியம் கற்பித்த உங்களுக்கு இது அந்நியமாக இராது. ஒரு கவிதையை உரையாசிரியர் துணையின்றி முதலில் தாமே வாசிக்கச் சொல்கிறோம் அல்லவா, அதைத்தான் இங்கே தெருவுக்குச் செய்கிறார்கள்.

நடைப்பயணம் சுற்றுலாவாகிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசிரியர்தான் என்பது என் துணிபு. முன்னால் நடந்துகொண்டே விளக்கம் சொல்லும் ஆசிரியரைப் பின்தொடரும் இருபது பேரும் அவருடைய முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே முதல் நடையில் நீங்கள் போகாதீர்கள். அல்லது போய் ஓரிடத்தில் அமர்ந்திருங்கள். நான்கு நான்கு பேராக அனுப்பி, ஆளுக்கொரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு, மிகக் குறைவான கேள்விகளை மட்டும் கொடுங்கள். இங்கே யார் யாரோடு பேசுகிறார்கள்? எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்காமல் போகிறார்கள்? எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எதற்குள் நுழைய உங்களுக்குத் தயக்கம் ஏற்பட்டது? கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்கள்தான் அடுத்த வகுப்பின் விவாதத்தை நடத்தித் தரும். முதல் நடையில் கைபேசியைப் பையில் போட்டுவிடச் சொல்வது என் வழக்கம். படம் எடுத்த உடனே பார்த்தாகிவிட்டது என்ற திருப்தி மாணவருக்கு வந்துவிடுகிறது. எழுத வேண்டும் என்றால்தான் இன்னொரு முறை நிமிர்ந்து பார்க்கிறார்.

தொழில்நுட்பத்தை எங்கே வைப்பது என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1961ஆம் ஆண்டு நியூயார்க் தன் கட்டட மண்டல விதிகளைத் திருத்தியபோது, தரைத்தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி அளித்தது. திறந்தவெளிகள் பல உருவாயின. அவற்றில் சில மதிய வேளையில் நிரம்பி வழிந்தன, பல வெறிச்சோடிக் கிடந்தன. ஒரே விதியில் பிறந்த இடங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியோடு, 1970களில் வில்லியம் எச். வைட் என்ற ஆய்வாளர் உயரமான இடங்களில் கேமராக்களைப் பொருத்தி, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படமாகப் பதிவுசெய்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதை நாள்முழுக்கக் கணக்கெடுத்தார். உட்கார வசதியுள்ள இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்ற எளிய முடிவோடு, ஒருவரையொருவர் கண்டு நின்று பேசுகிறவர்கள் ஓரமாக ஒதுங்காமல் கூட்டம் நகரும் வழியின் நடுவிலேயே நிற்கிறார்கள் என்ற எதிர்பாராத முடிவும் கிடைத்தது. 1975இல் நகர நிர்வாகம் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கி விதியைத் திருத்தியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. கேள்வி முதலில் வந்தது, கண்ணால் நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் கேமரா வந்தது. உங்கள் மாணவர்கள் எந்தக் கருவியை எடுத்தாலும், கண்ணுக்கு எட்டாத எதை இது காட்டப்போகிறது என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் தந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள்.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஜாக்சன் ஹைட்ஸில் வாகனங்களை விலக்கி மக்களுக்கென விடப்பட்ட டைவர்சிட்டி பிளாசாவில், மக்கள் எங்கே அதிக நேரம் நிற்பார்கள் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஊகித்து எழுதட்டும். பிறகு கைபேசியின் டைம்லாப்ஸ் வசதியால் சற்றுத் தொலைவிலிருந்து அரை மணி நேரம் பதிவுசெய்து, வகுப்பறைத் திரையில் ஓடவிட்டு எண்ணட்டும். ஊகமும் எண்ணிக்கையும் பொருந்தாத இடத்தில் விவாதம் தானாகவே எழும்.

நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரி 2001இல் தொடங்கப்பட்டபோது, நகரின் கலைகள், குடியேற்றம், அறிவியல், எதிர்காலத் திட்டமிடல் என்று நான்கு பருவங்களுக்கு நான்கு செமினார்களை வகுத்தது. அவற்றுக்கு முனைவர் பட்ட மாணவர் ஒருவரைத் தொழில்நுட்பத் துணைவராக அமர்த்தும் வழக்கமும் அங்கே உண்டு. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவரைக் கேட்டுப் பெற முடியுமானால் இப்போதே கேளுங்கள். பருவம் தொடங்கிய பிறகு கேட்டால் தளத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும்.

பதில் 2: நூலகத்தடி

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ‘முதலில் கண், பிறகு ஆவணம்’ என்ற வரிசையைக் குடியேற்ற வரலாற்றுக்கு அப்படியே பொருத்த இயலுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இன்றைய தெருவை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், அங்கிருந்து போய்விட்டவர்கள் கண்ணில் படமாட்டார்கள். குடியேற்றம் என்பது வந்தவர்களின் கதை மட்டும் அன்று, இடம் விட்டுப் போனவர்களின் கதையும்தானே?

நான் நூலகப் பணியில் இருப்பதால், மாணவர்களைத் தயங்காமல் அனுப்பும் ஒரு தொகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். சொத்து வரி மதிப்பீட்டுக்காக 1939 முதல் 1941 வரை, நகரின் பரோக்கள் எனப்படும் ஐந்து பெரும்பிரிவுகளிலும் இருந்த கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின் துணையோடு நடந்த வேலை அது. ஏறத்தாழ 7,20,000 கறுப்பு வெள்ளைப் படங்கள் மாநகர ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இன்று யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. பல படங்களில், கட்டடத்தின் முன்னால் ஒரு சிறு பலகை தெரியும். அதில் அந்த மனையின் பிளாக் எண்ணும் லாட் எண்ணும் பொருத்தப்பட்டிருக்கும். கட்டடத்தைப் பதிவுசெய்ய எடுத்த படங்கள் என்றாலும், சன்னலில் ஒட்டியிருக்கும் விளம்பரம், கடைப் பலகையின் மொழி, படியில் உட்கார்ந்திருப்பவர் என்று கேட்காமலே பலவும் உள்ளே வந்துவிட்டன.

பயிற்சி எளிதானது. நகரத் திட்டமிடல் துறையின் ஜோலா வரைபடத்தில் இன்றைய முகவரியைத் தட்டினால் பிளாக், லாட் எண்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு பழைய படத்தைத் தேடி எடுத்து அச்சிட்டு, அந்த அச்சுப் பிரதியோடு மாணவர் தெருவுக்குப் போய், பழைய புகைப்படக்காரர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் கூரையின் விளிம்பு, சன்னல்களின் எண்ணிக்கை, நடைபாதையின் அகலம் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். சில இடங்களில் மனைகள் ஒன்றாக இணைக்கப்பட்டு எண்கள் மாறியிருக்கும். எண் பொருந்தவில்லை என்று மாணவர் புகார் சொல்லி வரும்போது மகிழ்ச்சியடையுங்கள், ஏனென்றால் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

எந்தத் தெரு என்று கேட்டால், உங்கள் பாடப்பொருளுக்கு ஃப்ளஷிங்கின் பவுன் தெருவை நான் பரிந்துரைப்பேன். ஏழாம் எண் ரயிலின் கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்துவிடலாம். தெருவின் வடபகுதியில் ஜான் பவுன் 1661ஆம் ஆண்டளவில் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. அதற்குச் சற்று முன்னர், 1657இல், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் தரக்கூடாது என்ற டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்டின் ஆணையை ஏற்க மறுத்து ஃப்ளஷிங்வாசிகள் முப்பது பேர் ஓர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். பவுன் தம் வீட்டில் குவேக்கர்களைக் கூடவிட்டதற்காக 1662இல் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஹாலந்தில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டு வென்று திரும்பினார். அதே தெருவில் தெற்கு நோக்கி நடந்தால் ரூஸ்வெல்ட் அவென்யூ முனையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேவாலயம் ஒன்று வரும். இன்னும் போனால் நம்மவர்கள் அனைவரும் அறிந்த, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்த வல்லப மகா கணபதி கோயில். 2022இல் அந்தப் பகுதிக்குக் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்ற கூடுதல் பெயரும் சூட்டப்பட்டுவிட்டதால், ஒரே கம்பத்தில் குவேக்கரின் பெயரும் பிள்ளையாரின் பெயரும் சேர்ந்து நிற்கின்றன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘அன்றைக்கு மனு, இன்றைக்குக் கோயில், இடையில் தொடர்ந்த சகிப்புத்தன்மை’ என்று மாணவர்கள் உடனே ஒரு நேர்கோடு வரைந்துவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இடைப்பட்ட காலத்தில், 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களின் குடியேற்றத்தை ஏறக்குறைய முற்றாக அடைத்துவிட்டது. நாட்டுக்கு இத்தனை பேர் என்ற தேசிய ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கோயில் கட்டும் அளவுக்கு நம்மவர்கள் அங்கே சேர்ந்தார்கள். வரிப் படங்கள் எடுக்கப்பட்ட ஆண்டுகள் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் விழுகின்றன என்பதை வகுப்பில் கவனப்படுத்துங்கள். அந்தப் படங்களில் யாரைக் காணவில்லை என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்.

குயின்ஸ் பொது நூலகமும் குயின்ஸ் கல்லூரியும் இணைந்து 2010 முதல் நடத்திவரும் குயின்ஸ் மெமரி திட்டத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. மாணவர்கள் புதிதாகப் பேட்டி எடுக்கும் முன் அவற்றில் ஒன்றையாவது முழுவதும் கேட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். பாதிக் கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி ஆழமாக இருக்கும்.

பதில் 3: எண்ணும்எழுத்தும்

தளத்தில் மின்னும் புள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். நகர நிர்வாகத்தின் தரவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லும் திறந்த தரவுச் சட்டம் 2012இல் வந்த பிறகு, மாணவர்கள் வரைபடம் போடுவது மிகவும் எளிதாகிவிட்டது. எளிதாகிவிட்டதுதான் சிக்கலும்.

நகர நிர்வாகத்துக்கு 311 என்ற தொலைபேசி எண்ணில் மக்கள் தெரிவிக்கும் புகார்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதலான பதிவுகள் எவருக்கும் கிடைக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பம் இல்லை என்ற புகார்களை மட்டும் பிரித்து வரைபடத்தில் இட்டால், எந்தப் பகுதியில் வாடகைதாரர்கள் அவதிப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டதாக மாணவர்கள் எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தப் புள்ளிகள் காட்டுவது யார் புகார் செய்தார்கள் என்பதை மட்டுமே. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும், இரவில் எப்போதும் 62 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது இந்நகரின் விதி. அந்த விதியை அறிந்தவரும், வீட்டுக்காரரைக் கண்டு அஞ்சாதவரும், அரசாங்கத்தோடு பேசத் துணிந்தவரும்தான் தொலைபேசியை எடுக்கிறார். குடியேற்ற அனுமதி குறித்த அச்சத்தோடு வாழும் குடும்பம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும், வரைபடத்தில் அந்த வீடு வெற்றிடமாக இருக்கும். ஒரே கட்டடத்தில் விடாமல் புகார் செய்யும் ஒருவர் இருந்தால் அந்தத் தெருவே சிவந்துவிடும்.

ஆகவே புள்ளிகள் அடர்ந்த இரண்டு தெருக்களுக்கும் புள்ளியே இல்லாத இரண்டு தெருக்களுக்கும் மாணவர்களை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். வாசலில் வாடகைதாரர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா, அழைப்பு மணிகளின் அருகே எத்தனை பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன என்பவற்றை வெளியில் நின்றே பார்க்க முடியும். வரைபடம் எழுப்பிய கேள்விக்குத் தெருவில் விடை தேடும் வழி இது. பழையவரைபடம் அவர்கள் சொன்ன வரிசைக்கு இது நேரெதிர் என்றாலும், இதுவும் பலன் தரும்.

மக்கள்தொகைக் கணக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சராசரியாக நாலாயிரம் பேர் வாழும் சிறு கணக்கெடுப்புப் பகுதிகளுக்கு, அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு மொழிவிவரத்தைச் சுருக்கிய பட்டியலாகத்தான் தருகிறது. வங்காளம், பஞ்சாபி, இந்தி எல்லாம் ‘பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்’ என்ற கட்டத்துக்குள்ளும், தமிழும் தெலுங்கும் ‘பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்’ என்ற கட்டத்துக்குள்ளும் அடங்கிவிடும். எண்களுக்குப் பக்கத்தில், அந்த எண் எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் பிழைவரம்பு என்று ஒரு நெடுவரிசை இருக்கும்; சிறு பகுதிகளில் அது சில வேளைகளில் எண்ணையே விழுங்கும் அளவுக்குப் பெரிது. ஜாக்சன் ஹைட்ஸின் எழுபத்து நான்காம் தெருவில் காதில் விழுந்த மொழிகளைப் பட்டியலிட்டு வந்த மாணவரிடம் அந்த அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். கோபம் வரும். அந்தக் கோபத்திலிருந்து நல்ல கட்டுரை வரும்.

பதில் 4: முன்னாள்மாணவி

ஆசிரியர்களே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இப்படிப்பட்ட செமினார் ஒன்றில் மாணவியாக இருந்தவள் என்ற முறையில் சில நடைமுறை விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, படங்களைப் பற்றி. கைபேசியில் எடுக்கும் படத்தின் கோப்புக்குள், அது எடுக்கப்பட்ட நேரமும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கக்கூடும். சமூக ஊடகங்கள் பலவும் அதை நீக்கிவிடுகின்றன. ஆனால் வகுப்பின் வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றும் மூலக்கோப்பில் அது பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். ரூஸ்வெல்ட் அவென்யூவில் உரிமம் இல்லாமல் தள்ளுவண்டியில் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவின் முகமும், அவர் நிற்கும் மூலையும், வழக்கமாக வரும் நேரமும் ஒரு கல்லூரித் தளத்தில் நிரந்தரமாகக் கிடப்பது அவருக்கு எந்த நன்மையையும் செய்யாது. பொது இடத்தில் படம் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதோடு இந்தப் பேச்சை முடித்துவிடக்கூடாது. முகம் தெரியும் படத்துக்குச் சம்மதம் கேட்பது, கேமரா செயலியில் இடப்பதிவை அணைப்பது ஆகிய இரண்டையும் முதல் வாரத்திலேயே வகுப்பில் செய்து காட்டிவிடுங்கள். கோயில், தேவாலயம் போன்ற இடங்களின் உட்புறத்தைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. டைவர்சிட்டி பிளாசா பயிற்சியையும் முகம் தெரியாத தொலைவிலிருந்து செய்து, எண்ணி முடித்தவுடன் பதிவை அழித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, எங்களைப் பற்றியும் அதே அக்கறை தேவை. 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் மாணவரின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பொதுத்தளத்தில் புனைபெயரோடு எழுதும் வாய்ப்பையும், பருவம் முடிந்தபின் தன் பக்கத்தை எடுத்துவிடும் உரிமையையும் பாடத்திட்டத்திலேயே எழுதி வையுங்கள். குடியேற்றம் பற்றிய வகுப்பில் ‘உங்கள் குடும்பக் கதையை எழுதுங்கள்’ என்று இயல்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதையை வெளியில் சொல்ல முடியாத குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் காரணம் சொல்லாமலே தேர்ந்தெடுக்கும்படியாக வேறொரு தலைப்பும் எப்போதும் இருக்கட்டும்.

மூன்றாவது, கைபேசியைப் பைக்குள் போடச் சொல்வது குறித்து மரியாதையோடு மாறுபடுகிறேன். காது மந்தமான மாணவருக்கு, எதிரில் பேசுகிறவரின் சொற்களை எழுத்தாக மாற்றித் தருவது அந்தக் கைபேசிதான். வேகமாக எழுதக் கை ஒத்துழைக்காதவருக்குக் குரல்பதிவுதான் நோட்டுப் புத்தகம். தடை விதிக்காமல், ‘முதல் அரை மணிக்குப் படம் எடுக்க வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் நோக்கமும் நிறைவேறும், யாரும் தனித்து நிற்கவும் வேண்டியிராது. இந்நகரின் 472 சுரங்க ரயில் நிலையங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் மின்தூக்கி வசதி இருக்கிறது என்பதையும் இடம் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள். இங்கே பேசப்பட்ட ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டிலும் ஜாக்சன் ஹைட்ஸ் ரூஸ்வெல்ட் அவென்யூவிலும் அது உண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை, வார இறுதி நடைப்பயணம் என்று அறிவித்தீர்களானால், வேலைக்குப் போகும் மாணவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வருவார். வகுப்பு நேரத்துக்குள்ளேயே நடையை வைத்து, அங்கிருந்தே வீட்டுக்கு ரயிலேறிப் போகும்படி முடித்துக்கொள்ளுங்கள். அல்லது ஒவ்வொருவரும் தாம் தினமும் ரயில் மாறும் நிலையத்தையே உற்றுநோக்கும் இடமாக எடுத்துக்கொள்ளட்டும். நான் அப்படித்தான் வுட்சைட் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முன் அங்கே ரயில் மாறுவதைத் தவிர வேறெதையும் நான் செய்ததில்லை. என் வகுப்பில் மற்ற எவரைவிடவும் கூடுதலான குறிப்புகள் என்னிடம்தான் இருந்தன.

குயின்ஸ்வாசி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. பவுன் தெருவையே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். பருவத்தின் இரண்டாவது வாரத்தில், ஆவணம் எதையும் பார்க்காமல் ஒரு முதல் நடை; அதன்பின் வரிப் படங்களும் கணக்கெடுப்பு அட்டவணைகளும்; மார்ச் மாத இறுதியில் அச்சுப் பிரதிகளோடு அதே தெருவில் இரண்டாம் நடை என்று வைத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். பழையவரைபடம், நூலகத்தடி இருவருடைய வரிசைகளும் இதில் அடங்கிவிடும்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நடை முடிந்து மாணவர்கள் எழுதித் தரும் சிந்தனைக் குறிப்பை இப்போதெல்லாம் ஏஐ செயலியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. மதிப்பெண்ணை எதற்கு இடுவது?

பழையவரைபடம்

தெருவில் எழுதிய நோட்டுப் பக்கத்தை, கோணல்மாணலான கையெழுத்தோடு, நடை முடிந்த இடத்திலேயே படம் எடுத்து வகுப்பின் பொதுக் கோப்பகத்தில் ஏற்றச் சொல்லிவிடுங்கள். குரலில் பதிவு செய்தவர் அந்தக் கோப்பை ஏற்றட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம், ஏற்றினால் போதும். இரண்டாம் நடைக்குப் பிறகு, முதல் குறிப்பில் தாம் எழுதிய ஏதாவது ஒரு வரியை எடுத்து, அது இப்போதும் நிற்கிறதா, எந்தப் படத்தால் அல்லது எந்த எண்ணால் மாறியது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். மதிப்பெண் அந்த இரண்டு பக்கத்துக்கு. அவரவருடைய முதல் குறிப்பையும் குறிப்பிட்ட ஒரு படத்தையும் பிணைத்து எழுத வேண்டியிருப்பதால், செயலி வாக்கியத்தைச் செப்பனிட உதவினாலும் வேலையின் பெரும்பகுதி மாணவர் தலையில்தான் விழும். எஞ்சிய ஐயத்தை வகுப்பில் அவரிடம் நேரில் இரண்டு கேள்வி கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களின் நேர்மையான எழுத்தையே அவை போலி என்று காட்டிவிடுவதுண்டு, உங்கள் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இணையதளத்துக்கும் இதையே அடிப்படையாக வையுங்கள். வரலாறு, மக்கள்தொகை, உணவு என்ற பகுப்புகளை விட்டுவிட்டு, பவுன் தெருவின் ஒரு மனைக்கு ஒரு பக்கம் என்று இருபது பக்கங்கள் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பழைய படம், இன்றைய படம், மாணவரின் முதல் வரி, திருத்திய வரி ஆகியவை இடம்பெறட்டும். பழைய படங்களை வெளியிடுவதற்கு ஆவணக் காப்பகத்தின் அனுமதி விதிகளை நூலகத்தடி அவர்களிடம் கேட்டு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் என்றால் பிப்ரவரி மாதத்துக் குளிர் என்பதை மறந்துவிடாதீர்கள். கையுறையோடு பேனா பிடிக்க முடியாது. முதல் நடையை நாற்பது நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டு, மெயின் ஸ்ட்ரீட்டும் கிசேனா பவுல்வர்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள ஃப்ளஷிங் நூலகத்தில் வகுப்பின் மீதி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் அமர்ந்து உரக்கப் பேச அறை வேண்டும் என்று இப்போதே அவர்களிடம் கேட்டு வைப்பது நல்லது.